சிம்மை மறுக்கும் ஃபோன்

சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை என்று வரைபடத்தில் இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது சி.டி.எச். ரோடு. அம்பத்தூரிலிருந்து ஆவடி நோக்கிப் போகும் அந்தச் சாலையில், திருமுல்லைவாயிலைச் சுற்றியுள்ள மொபைல் சர்வீஸ் கடைகளுக்கு ஒரு விசித்திரமான நோயாளி அடிக்கடி வரும். திரையில் கீறல் கிடையாது. பேட்டரி நன்றாக நிற்கிறது. வைஃபையில் படம் ஓடுகிறது. புது ப்ரீபெய்டு சிம்மைப் போட்டால் மட்டும் "சிம் நாட் சப்போர்ட்டட்" என்று நின்றுவிடுகிறது, அல்லது "நெட்வொர்க் அன்லாக் பின்" என்று ஏதோ ஒரு எண்ணைக் கேட்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை தான் பயன்படுத்திய ஃபோனை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண் கூட வேலை செய்பவரிடமிருந்து பழைய ஜியோஃபோனை வாங்கியிருப்பார். காசு கொடுத்தாயிற்று, பொருள் கையில் இருக்கிறது, ஆனாலும் பேச முடியவில்லை.

மறுப்பது யார் என்று கண்டுபிடித்தால் பாதி வைத்தியம் முடிந்தது. ஃபோனே மறுக்கலாம். ஃபோனுக்குள் இருக்கும் ரேடியோ வடிகட்டிகள் கைவிரிக்கலாம். அரசு வைத்திருக்கும் ஒரு பட்டியல் தடுக்கலாம். இல்லையென்றால் சிம் கம்பெனியின் கணினி இன்னும் கதவைத் திறக்காமல் இருக்கலாம். நமக்குத் தெரிவதெல்லாம் சிக்னல் கோடு இல்லாத ஒரு திரைதான். அதனால் சிம்மைச் செருகியதிலிருந்து முதல் அழைப்பு போவது வரை உள்ளே என்ன நடக்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

சிம் என்பது தனக்கென்று செயலியும் நினைவகமும் உள்ள ஒரு சிறு கணினி. 1991இல் ஜெர்மனியின் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் முதல் 300 சிம் அட்டைகளைப் பின்லாந்தின் ரேடியோலின்யா என்ற தொலைபேசி நிறுவனத்துக்கு விற்றது. அப்போது ஏ.டி.எம். கார்டு அளவில் இருந்த பிளாஸ்டிக் இப்போது விரல்நகத்தைவிடச் சிறியதாகிவிட்டது. உள்ளே நடக்கும் அடிப்படை வேலை அதேதான். ஃபோனை ஆன் செய்ததும் அது சிம்மிடமிருந்து ஐ.எம்.எஸ்.ஐ. என்ற 15 இலக்க எண்ணைப் படிக்கிறது. இது நாம் பிறருக்குக் கொடுக்கும் பத்து இலக்க எண் அல்ல. கம்பெனிக்கு நாம் யார் என்று சொல்லும் எண். இதன் அமைப்பு நம் அஞ்சல் குறியீட்டைப் போன்றது. 600062 என்றதும், முதல் இலக்கத்திலேயே தென்னகம், முதல் மூன்றில் சென்னை, கடைசி மூன்றில் திருமுல்லைவாயில் என்று அஞ்சல்காரர் படித்துவிடுவார். அதே மாதிரி ஐ.எம்.எஸ்.ஐ.யின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைச் சொல்கின்றன: இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413, அமீரகத்துக்கு 424, சிங்கப்பூருக்கு 525, அமெரிக்காவுக்கு 310, 311 முதலியவை. அதற்கடுத்த இரண்டோ மூன்றோ இலக்கங்கள் நிறுவனத்தைச் சொல்கின்றன. 310க்குப் பிறகு 410 வந்தால் அது ஏடி அண்ட் டி. 260 வந்தால் டி-மொபைல்.

பூட்டு என்று நாம் சொல்வது இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஃபோனின் மோடம் சிப்புக்குள் ஒரு சின்னப் பட்டியல்: "310410 என்று தொடங்கும் சிம் மட்டும்". திருமுல்லைவாயிலில் வாங்கிய சிம் 404 என்றோ 405 என்றோ தொடங்குகிறது. மோடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது, பொருந்தவில்லை, நிறுத்திவிடுகிறது. அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஃபோனின் ரேடியோ நல்ல நிலையில் இருக்கிறது, அக்கம்பக்கத்து டவர்கள் அத்தனையும் அதற்குக் கேட்கின்றன. அந்தப் பூட்டிய நிலையிலும் 112 என்ற அவசர எண்ணை அழைக்க அது வழிவிடும், ஜி.எஸ்.எம். விதிகளே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. எனவே "போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்று யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் அவசர அழைப்புக்குத் தயாராக இருக்கிறதா என்று திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள்.

கடைகளில் நான் அடிக்கடி கேட்கும் இன்னொரு விளக்கம், "இது போஸ்ட்பெய்டு ஃபோன், ப்ரீபெய்டு எடுக்காது" என்பது. ப்ரீபெய்டா போஸ்ட்பெய்டா என்பது ஃபோனுக்குத் தெரியவே தெரியாது. நம் பேலன்ஸ் ஃபோனிலும் இல்லை, சிம்மிலும் இல்லை; கம்பெனியின் கணினியில் இருக்கிறது. அழைப்பைத் தொடரவிடலாமா வேண்டாமா என்று அந்தக் கணினிதான் முடிவு செய்கிறது. இதில் ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. அமெரிக்காவில் பெரிய கம்பெனியின் டவர்களை வாடகைக்கு எடுத்து வேறு பெயரில் ப்ரீபெய்டு விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவை விற்கும் ஃபோன்கள் ஐ.எம்.எஸ்.ஐ.யோடு நிற்காமல், சிம்மில் எழுதப்பட்ட குழு அடையாளம் என்ற இன்னொரு கோப்பையும் படித்துப் பார்க்கும். டவர் ஒன்றேயானாலும், தாய்க் கம்பெனியின் சிம்மைக்கூட அவை ஏற்காது.

ஒரு சின்னப் பட்டியல்தானே, அழித்துவிட்டால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது. நோக்கியா ஆண்ட காலத்தில், அந்த ஃபோன்களின் ஒரு தலைமுறைக்குத் திறவு எண் ஃபோனின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணிலிருந்தும் கம்பெனியின் குறியீட்டிலிருந்தும் கணக்கிடப்பட்டது. அந்தக் கணக்கு முறை வெளியே கசிந்தது. பிறகு ஒரு கணினியும் ஒரு சிறு மென்பொருளும் இருந்தால் போதும். எண்ணைத் தட்டினால் திறவு எண் வந்து விழும். தவறான எண்ணை ஐந்து முறை தட்டினால் விசைப்பலகை வழியே திறப்பது முடிந்துபோகும், அதனால் அனுபவசாலிகள் ஒவ்வொரு இலக்கத்தையும் இருமுறை சரிபார்த்தே போட்டார்கள். நோக்கியா ஃபோன்களைக் கோடிக்கணக்கில் செய்த ஆலை நமக்குத் தென்மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் 2006 தொடங்கி 2014 நவம்பர் வரை ஓடியது. வன்பொருள் ஒன்றே, எந்த நாட்டுக் கம்பெனிக்குப் போகிறதோ அதைப் பொறுத்துக் கடைசியில் ஏற்றும் மென்பொருளும் பூட்டும் மாறும்.

ஐஃபோன் வந்தபின் சாவி ஃபோனை விட்டு வெளியேறியது. 2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ஐஃபோன் ஏடி அண்ட் டிக்கு மட்டும் கட்டுப்பட்டது. இரண்டு மாதம் ஆவதற்குள் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் நியூஜெர்சியில் தன் வீட்டில் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு அதைத் திறந்துவிட்டான். திறந்த ஒரு ஃபோனைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு நிஸான் காரும் மூன்று ஐஃபோன்களும் வாங்கினான். அதன் பிறகு ஆப்பிள் பாதுகாப்பை இறுக்கியது. இப்போது எந்த ஐஃபோன் எந்தக் கம்பெனிக்குக் கட்டுப்பட்டது என்ற விவரம் ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. புது சிம்மைப் போட்டதும் ஃபோன் அந்த சர்வரிடம் கேட்டு, கையொப்பமிட்ட ஓர் அனுமதிச் சீட்டை வாங்கி வருகிறது. அந்தக் கையொப்பத்தைப் போலியாகச் செய்ய எந்தக் கடையிலும் வழியில்லை.

அதனால் கடைகளில் வேறொரு தந்திரம் வந்தது. சிம்மின் மேல் ஒட்டும் காகிதம் போன்ற மெல்லிய சிப். ஆர்-சிம் என்று விற்பார்கள். அது ஃபோனுக்கும் சிம்முக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. பூட்டு சரிபார்க்கும் நேரத்தில் அமெரிக்கக் கம்பெனியின் எண்ணைக் காட்டுகிறது. டவரோடு பேசும் நேரத்தில் உண்மையான இந்திய எண்ணை அப்படியே கடந்துபோக விடுகிறது. கெட்டிக்காரத்தனமான வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த ஐ.ஓ.எஸ். அப்டேட்டில் ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்தால் ஃபோன் மறுபடியும் ஊமையாகிவிடும். ஒரு ஐஃபோன் நிஜமாகவே திறந்ததா என்பதை செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய், கேரியர் லாக் என்ற வரியில் பார்க்கலாம். "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்று இருந்தால்தான் அது முழு ஃபோன். வேறேதாவது இருந்தால், கடைக்காரரின் சிம் அதில் வேலை செய்து காட்டினாலும் நம்பக் கூடாது.

நேர் வழி ஒன்று இருக்கிறது, அதைத்தான் முதலில் முயல வேண்டும்: பூட்டிய கம்பெனியையே திறக்கச் சொல்வது. ஏடி அண்ட் டி, ஃபோனுக்கான பணம் முழுவதும் கட்டப்பட்டு, 60 நாளாவது தன் சேவையில் இருந்து, திருடுபோனதாகப் புகார் இல்லாமல் இருந்தால் திறந்துவிடும். அங்கே ஃபோனை வாங்கியவர் இதை இணையத்தில் விண்ணப்பித்துச் செய்துகொள்ளலாம். விமானம் ஏறுவதற்கு முன் அவரிடம் இதைச் சொல்லிவிட்டால் திருமுல்லைவாயிலில் யாரும் கடை கடையாக ஏற வேண்டியதில்லை.

பூட்டு எதற்கு என்று கேட்டால் கம்பெனிகள் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஃபோனைக் குறைந்த விலையில் கொடுக்கிறோம், மாதக் கட்டணத்தில் அதை மீட்டெடுக்க வேண்டும். இந்தியாவில் ஃபோனைத் தனியாகவும் சிம்மைத் தனியாகவும் வாங்குவதே வழக்கமாக இருந்ததால், இந்தப் பேச்சு இங்கே பெரிதாக எழவில்லை. எழுந்த இடம் சி.டி.எம்.ஏ. என்ற வேறு வகைத் தொழில்நுட்பம். 2002 கடைசியில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் தொடங்கிய அந்தச் சேவையின் ஃபோன்களில் சிம்மே கிடையாது. நம் எண், சேவை நிறுவனத்தின் அடையாளம், ஃபோனின் 32 பிட் மின்னணு வரிசை எண் எல்லாமே ஃபோனின் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். கம்பெனி மாற வேண்டுமென்றால் ஃபோனையே தூக்கிப் போட வேண்டும்.

10,500 ரூபாய் மதிப்புள்ள ஃபோனை 3,350 ரூபாய் ஆரம்பக் கட்டணத்துக்கும் மூன்றாண்டுச் சேவை ஒப்பந்தத்துக்கும் ரிலையன்ஸ் கொடுத்தது. அந்த எல்.ஜி., சாம்சங் ஃபோன்களில் நினைவகத்தை மாற்றி எழுதி, டாடா இண்டிகாம் சேவையில் ஓடச் செய்துவிட்டார்கள் என்று 2003இல் ஐதராபாத்தில் டாடா இண்டிகாம் ஊழியர்கள் சிலர்மேல் வழக்குப் பதிவானது. அதை ரத்து செய்யக் கோரிய மனு ஆந்திர உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2005 ஜூலை 29 அன்று வந்த தீர்ப்பு, கைப்பேசியும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி ஒரு கணினிதான் என்றது. அதன் வரிசை எண்ணை மாற்றுவது அந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்கீழ் விசாரிக்கத்தக்க குற்றம் என்றது. மோசடி, சதி முதலிய தண்டனைச் சட்டப் பிரிவுகள் நிற்கவில்லை. 65ஆம் பிரிவு நின்றது. ஸ்மார்ட்ஃபோன் இங்கே பரவாத காலத்தில், நம் சட்டைப்பையில் இருப்பது கணினி என்று இந்தியச் சட்டம் தெரிந்துகொண்டது ஒரு பூட்டு வழக்கின் மூலமாக.

அதன் பிறகு வந்த பூட்டுகளில் எனக்கு உறுத்துவது 2008 ஆகஸ்ட் 22 அன்று ஏர்டெல்லும் வோடஃபோனும் இங்கே விற்கத் தொடங்கிய ஐஃபோன் 3ஜி. 8 ஜி.பி. ஃபோனுக்கு 31,000 ரூபாய் முழு விலையை வாங்கிக்கொண்டார்கள், ஆனாலும் பூட்டினார்கள். சலுகையே இல்லாத இடத்தில் மீட்க வேண்டிய சலுகைப் பணம் எது? ஜியோஃபோனில் அந்த நியாயமாவது இருந்தது. 2017இல் வந்த அந்த பட்டன் ஃபோனை, திரும்பப் பெறத்தக்க 1,500 ரூபாய் முன்பணத்துக்குக் கொடுத்தார்கள். ஜியோ சிம்மைத் தவிர வேறெதையும் அது ஏற்காது. பூட்டு அங்கே இரண்டு பக்கமும் இருந்தது: ஜியோஃபோனுக்கென்று விற்ற மலிவான ரீசார்ஜை ஸ்மார்ட்ஃபோனில் போட்டால் ஓடாது. பழைய ஜியோஃபோனைக் கைமாற்றி வாங்குபவர் அதை ஜியோவோடுதான் பயன்படுத்த முடியும் என்று தெரிந்தே வாங்க வேண்டும். 2023இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் ஃபோனும் அப்படித்தான். கனடா 2017 டிசம்பர் 1 முதலும் பிரிட்டன் 2021 டிசம்பர் 17 முதலும் பூட்டிய ஃபோன் விற்பதையே நிறுத்திவிட்டன. கடன் தீர்ந்த பொருள்மேல் கடன் கொடுத்தவருக்குப் பிடி இருக்கக் கூடாது என்பது எளிய நியாயம். இந்த ஃபோன்கள் இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போகும்போது அங்கே இருப்பவர் பெரும்பாலும் வசதி குறைந்தவர். பூட்டின் சுமை கடைசியில் அவர்மேல்தான் விழுகிறது. நம் நாட்டிலும் அந்த விதி வர வேண்டும் என்பது என் கட்சி.

சரி, பூட்டு திறந்தாயிற்று. சிம்மை ஃபோன் ஏற்றுக்கொண்டது. அப்போதும் சிக்னல் வராமல் போகலாம், இதற்கு எந்த மென்பொருளும் உதவாது. ஃபோனின் ஆன்டெனாவில் எல்லா அலைகளும் சேர்ந்தே வந்து மோதுகின்றன: வானொலி, தொலைக்காட்சி, பக்கத்து வீட்டு வைஃபை, நான்கு கம்பெனி டவர்கள். வேண்டிய அலைவரிசையை மட்டும் பிரித்தெடுக்க, ஃபோனுக்குள் அரிசிமணியைவிடச் சிறிய வடிகட்டிகள் இருக்கின்றன. அவை செய்வது வியப்பான காரியம். வரும் மின் அதிர்வை ஒரு படிகத்தின் மேற்பரப்பில் ஓடும் ஒலி அலையாக மாற்றுகின்றன. படிகத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் வேகத்தில் போகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அதிர்வு அங்கே நாலரை மைக்ரான் நீளமுள்ள அலையாகிறது. அந்த நீளத்துக்குப் பொருத்தமாகச் சீப்புப் பற்கள் போன்ற உலோகக் கோடுகளைப் படிகத்தின்மேல் பதித்திருப்பார்கள். அந்த இடைவெளிக்குப் பொருந்தும் அலை மட்டும் மறுபக்கம் மின்சாரமாக வெளியே வரும். ஆலையில் பதித்த கோடுகளைச் சர்வீஸ் கடையில் மாற்ற முடியாது.

ஒவ்வொரு வடிகட்டிக்கும் காசு. அமெரிக்காவில் விற்கும் ஃபோனில் அங்கே வேண்டிய 2, 4, 12, 13, 66, 71 போன்ற பேண்டுகளுக்கு, அதாவது அலைவரிசைத் தொகுதிகளுக்கு, வடிகட்டி இருக்கும். இங்கே 4ஜி ஓடுவது பெரும்பாலும் 1, 3, 5, 8, 40, 41 என்ற பேண்டுகளில். இவற்றில் 40ஆம் பேண்டு 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை. அது முடிகிற இடத்திலேயே வைஃபை தொடங்குகிறது. இரண்டையும் கலக்காமல் பிரிப்பது கடினம், அதற்கான வடிகட்டியின் விலையும் கூடுதல். அதனால் விலை குறைந்த அமெரிக்க மாடல்களில் அதை விட்டுவிடுவார்கள். ஜியோவின் 4ஜி 3, 5, 40 ஆகிய மூன்று பேண்டுகளை நம்பியிருக்கிறது. ஜியோவுக்கு 2ஜி கிடையாது. எனவே அந்த மாதிரி ஃபோனில் ஜியோ சிம் திணறும். ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். சிம் என்றால், 4ஜி கிடைக்காவிட்டாலும் 2ஜியில் பேச்சாவது போகும். இன்னொரு சிக்கலும் உண்டு: 4ஜியில் நெட் நன்றாக ஓடும், அழைக்கும்போது மட்டும் 2ஜிக்கு விழும். காரணம், 4ஜி வழியே பேச்சை அனுப்பும் வோல்டியை எந்தக் கம்பெனியில் எப்படி இயக்குவது என்ற அமைப்புக் கோப்பு ஃபோனின் மென்பொருளில் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்கென்று செய்த ஆண்ட்ராய்டு ஃபோனில் நம் கம்பெனிகளின் கோப்பு இல்லாமல் போகலாம். மாடல் எண்ணை வைத்து அதன் பேண்டு பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குவது, பூட்டைத் திறப்பதைவிட முக்கியம் என்று சொல்வேன்.

அடுத்த மறுப்பு ஐ.எம்.இ.ஐ.யிலிருந்து வருவது. *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்கங்களில் முதல் எட்டு மாடலையும், அடுத்த ஆறு அந்த ஒரு ஃபோனையும் குறிக்கும். கடைசி இலக்கம் கணக்குச் சரிபார்ப்பு, ஐ.பி.எம்.மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை. 490154203237518 என்ற மாதிரி எண்ணை எடுத்துக்கொள்வோம். கடைசி 8ஐ விட்டுவிட்டு, இரண்டாவது, நான்காவது என ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். விடை இரண்டு இலக்கமாக வந்தால் அவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 52 வரும். அடுத்த பத்தின் மடங்கான 60ஐத் தொட இன்னும் 8 வேண்டும். கடைசி இலக்கம் 8. கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் எண் போலி. ஒத்துப்போனாலும் அசல் என்று முடிவுகட்ட முடியாது, திருட்டு எண்ணாகவும் இருக்கலாம்.

2009க்கு முன் இந்த எண்ணே இல்லாத, அல்லது வெறும் பூஜ்யங்கள் நிறைந்த சீன ஃபோன்கள் இங்கே ஏராளமாக விற்றன. பாதுகாப்பு அமைப்புகள் கேட்டுக்கொண்டதால், 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு அத்தகைய ஃபோன்களுக்குச் சேவை நிறுத்தப்பட்டது. நாடு முழுக்கக் கோடிக்கணக்கான ஃபோன்கள் பாதிக்கப்படும் என்பதால், 199 ரூபாய்க்கு முறையான எண்ணைப் பதித்துக் கொடுக்கும் ஏற்பாடும் செய்தார்கள். இன்று அந்த வழி இல்லை, ஐ.எம்.இ.ஐ.யை மாற்றுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்த அரசின் சஞ்சார் சாத்தி சேவையில், திருடுபோன ஃபோனின் எண்ணைப் பதிந்தால் எல்லா நிறுவனங்களிலும் அது ஒருசேர முடங்கும். செகண்ட் ஹேண்ட் வாங்குபவருக்கும் அதுவே கவசம்: கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு ஐ.எம்.இ.ஐ. எண் என்று தட்டி 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அந்த ஃபோனின் நிலை தெரிந்துவிடும். முடக்கிய ஃபோன் என்று பதில் வந்தால் அது பழுது பார்க்க வேண்டிய பொருள் அல்ல. அதை இழந்து தவிப்பவர் வேறெங்கோ இருக்கிறார். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கக் கூடாது.

கூகுள் கணக்குப் பூட்டும் ஐகிளவுட் பூட்டும் இதே குடும்பம்தான். ஐ.ஓ.எஸ். 7 வந்த 2013 முதல் ஐஃபோனிலும், ஆண்ட்ராய்டு 5.1 வந்த 2015 முதல் மற்ற ஃபோன்களிலும், அழித்துப் புதிதாக்கினாலும் முந்தைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்கும். விற்பவரை எதிரில் வைத்துக்கொண்டே அவர் கணக்கை எடுக்கச் சொல்ல வேண்டும். பணம் கைமாறிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது சிரமம்.

இத்தனையும் கடந்தால் கடைசிப் பரீட்சை சிம்முக்கும் கம்பெனிக்கும் இடையில். சிம்முக்குள் 128 பிட் ரகசிய எண் ஒன்று புதைந்திருக்கிறது. அதே எண் கம்பெனியின் கணினியிலும் இருக்கிறது. ரகசியத்தை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. கம்பெனி ஒரு தற்செயல் எண்ணை அனுப்புகிறது. சிம் அதையும் ரகசியத்தையும் கலந்து கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அங்கே போட்ட கணக்கோடு ஒத்துப்போனால் கதவு திறக்கிறது. 1998இல் மார்க் பிரிசெனோ, இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் ஆகியோர் அன்றைய கணக்கு முறையின் பலவீனத்தைப் பிடித்து, சிம்மை நகலெடுக்க முடியும் என்று காட்டினார்கள். பின்னர் முறை மாறியது. 3ஜி முதல் கம்பெனி உண்மையானதா என்று சிம்மும் திருப்பிச் சோதிக்கிறது. புது ப்ரீபெய்டு சிம், அடையாளச் சரிபார்ப்பு முடிந்து கம்பெனி அந்த எண்ணை இயக்கும்வரை, இந்தப் பரீட்சையில் தேறாது. அதனால் பழைய ஃபோனில் புது சிம்மைப் போட்டுச் சோதிப்பதைவிட, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சிம்மைப் போட்டுச் சோதிப்பதே சரி. குறை ஃபோனிலா சிம்மிலா என்று உடனே பிரிந்துவிடும்.

பேச்சு வந்து நெட் மட்டும் வரவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. வெளிநாட்டு ஃபோனில் பழைய கம்பெனியின் ஏ.பி.என். என்ற நெட் வாசலின் பெயர் அப்படியே தங்கியிருக்கும். மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் அதை அழித்துவிட்டு, ஏர்டெல் என்றால் ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், பி.எஸ்.என்.எல். என்றால் பிஎஸ்என்எல்நெட், ஜியோ என்றால் ஜியோநெட் என்று ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் எழுதிச் சேமித்து, ஃபோனை ஒருமுறை அணைத்துப் போட்டால் நெட் வந்துவிடும்.